மருத்துவ சீட் கிடைத்த வழிகள்

பள்ளியிலிருந்து நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போவது தமிழ்நாட்டில் 1980-க்குப் பிறகு வந்த வழக்கம். அதற்கு முன்பு இன்டர்மீடியட்டோ பி.யூ.சி.யோ கல்லூரியில் படித்துத்தான் எம்.பி.பி.எஸ். வகுப்புக்குள் நுழைய முடிந்தது. 1978-ல் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் தொடங்கின. அதன்பின் மருத்துவ சீட் பிளஸ் டூ மாணவரின் கனவாயிற்று.

இடங்கள் என்றுமே குறைவு. 1950 வாக்கில் சென்னை மாகாண அரசின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து இருந்தவை 330 இடங்களே. அவற்றில் பெரும்பகுதியை மாவட்டத் தொகுதிவாரியாகப் பிரித்து, வகுப்புவாரி அரசாணைப்படி நிரப்பினார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள், பிராமணர், அரிசனர் ஆகியோருக்குத் தலா 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் வழக்குத் தொடுத்தார். விண்ணப்பமே போடாமல், இடம் கிடைக்காது என்று அறிந்து நீதிமன்றம் சென்றவர் அவர். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்து இடஒதுக்கீட்டைக் காத்தது.

மாவட்டவாரிப் பங்கீடு 1968-ல் ராஜேந்திரன் வழக்கில் வீழ்ந்தது. அடுத்து வந்த ஏற்பாட்டில் சென்னை நகரக் கல்லூரிகள் ஒரு தொகுதி, மற்ற கல்லூரி ஒவ்வொன்றும் ஒரு தொகுதி. தொகுதிக்கொரு தேர்வுக் குழு. 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு. எழுத்துத் தேர்வில் முந்திய ஒரு மாணவரைச் சில நிமிடப் பேச்சு பின்னுக்குத் தள்ளிவிடக்கூடிய அளவு அது. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தொகுதிமுறையை நிராகரித்தது. நேர்காணல் மதிப்பெண் மிகை என்றும் சொன்னது.

1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூ உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்பட்டது. பயிற்சி மையங்கள் நகரங்களில் இருந்ததால் கிராமத்துப் பிள்ளைகள் பின்தங்கினர். ஆனந்தகிருஷ்ணன் குழுவின் ஆய்வுக்குப் பிறகு இயற்றப்பட்ட சட்டம் 2007-ல் நுழைவுத் தேர்வை நீக்கியது. கட்-ஆஃப் 200 ஆனது.

நுழைவுத் தேர்வு இல்லாத அடுத்த பத்தாண்டும் குறையற்றதல்ல. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ புத்தகத்தையே நெட்டுருப் போட வைத்துப் புகழ்பெற்றன. ஆனாலும், சொந்த ஊர்ப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கும் எட்டக்கூடிய தேர்வாக பிளஸ் டூ இருந்தது. இந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

2017-ல் தேசிய நுழைவுத் தேர்வான நீட் கட்டாயமானபோது பிளஸ் டூ மதிப்பெண் தரவரிசையிலிருந்தே விலகியது. 720-க்கு எவ்வளவு என்பதே கேள்வி. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-ல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. மறுஆண்டு ஏ.கே.ராஜன் குழு தந்த அறிக்கையின்படி, சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்களின் பங்கு நீட்டுக்கு முன் ஏறத்தாழ 12 விழுக்காடு, 2020-21-ல் 71. பள்ளி முடித்த அதே ஆண்டில் இடம் பெற்றோர் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாயினர்.