எலிசபெத் கீயும் வர்ஜினியாவின் நீதிமன்ற ஏடுகளும்

பழைய திருச்சபைகளில் ஊழியம் செய்த ஆயர் எவரும் இதை அறிவர். பிற்பகல் வேளையில் முன்பின் அறியாத ஒருவர் வந்து, தம் பாட்டனாரின் ஞானஸ்நானப் பதிவைப் பார்க்க வேண்டும் என்பார். கரையான் அரித்த ஏட்டைப் புரட்டுகையில், ஒரு குடும்பத்தின் வரலாறு ஒரே வரியில் நின்றுகொண்டிருப்பதைக் காண்போம். தகப்பன் பெயர் உண்டு; ஞானப் பெற்றோர் பெயர் உண்டு; தாயின் பெயருக்கோ சில வேளைகளில் இடமே விடப்பட்டிராது.

17-ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் குடியேற்றங்களில் தம் முன்னோரைத் தேடுவோர் இந்நிலையையே சந்திக்கின்றனர். வர்ஜினியாவில் அக்காலத்துத் திருச்சபைப் பதிவேடுகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஆகவே தேடுவோர் உயில்களையும், இறந்தோரின் சொத்து விவரப் பட்டியல்களையும், கவுண்டி நீதிமன்றக் குறிப்பேடுகளையும் நாடுகின்றனர். சொத்துப் பட்டியல்களில் பசுக்களுக்கும் செம்புப் பாத்திரங்களுக்கும் அடுத்த வரியில் மனிதரும் எழுதப்பட்டுள்ளனர். ஆங்கிலேய ஒப்பந்த ஊழியனின் பெயரோடு அவன் இன்னும் உழைக்கவேண்டிய ஆண்டுகளின் கணக்கு இருக்கும். ஆப்பிரிக்கரின் பெயரோடு பெரும்பாலும் அக்கணக்கு இராது. கணக்கு எழுதப்படாத அந்த வெற்றிடத்தில்தான் அடிமைத்தனம் குடிகொண்டிருந்தது.

நார்தம்பர்லாந்து கவுண்டியின் ஏடுகளில் வெளிப்படும் எலிசபெத் கீ என்னும் பெண்ணின் வழக்கை இறையியல் மாணவர் அறிந்திருத்தல் நலம். ஏறத்தாழ 1630-இல் பிறந்தவள் அவள். தாய் ஆப்பிரிக்கப் பெண், பெயர் எழுதப்படவில்லை. தகப்பன் தாமஸ் கீ என்னும் ஆங்கிலேயர், குடியேற்றத்தின் சட்டமன்றத்தில் உறுப்பினராயிருந்தவர். 1636-இல் அவர் சிறுமியை ஹம்ப்ரி ஹிக்கின்சன் என்பவரிடம் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒப்படைத்தார். ஹிக்கின்சன் அவளுடைய ஞானத்தகப்பன். சாதாரண ஊழியக்காரியைவிட மரியாதையாக அவளை நடத்தவேண்டும், அக்காலத்துக்குள் இங்கிலாந்துக்குத் திரும்பினால் தம் செலவில் அவளையும் அழைத்துச் செல்லவேண்டும் என்பவை நிபந்தனைகள். தாமஸ் கீ விரைவில் இறந்துபோனார். சிறுமியோ ஜான் மாட்ரம் என்னும் நிலக்கிழாரின் கைக்கு மாற்றப்பட்டாள். ஒன்பது ஆண்டுகள் 1645-இல் முடிந்தன, விடுதலை வரவில்லை. 1655-இல் மாட்ரம் இறந்தபோது, அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் அவளையும் அவள் கைக்குழந்தை ஜானையும் சொத்தின் பகுதியாகவே கருதினர். அப்போதுதான் அவள் வழக்குத் தொடுத்தாள். அவளுக்காக வழக்காடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட், அவரும் ஓர் ஆங்கிலேய ஒப்பந்த ஊழியர். குழந்தையின் தகப்பனும் அவரே.

வழக்கு எதைச் சார்ந்து நின்றது? பிள்ளை தகப்பனின் நிலையைப் பின்பற்றும் என்பது ஆங்கிலேயப் பொதுச்சட்டம். ஆகவே தகப்பன் யார் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ எண்பது வயதான எலிசபெத் நியூமன் என்னும் மூதாட்டி சாட்சி சொன்னாள். நீக்ரோப் பெண்ணிடம் பிள்ளை பெற்றதற்காகத் தாமஸ் கீக்குப் பிளண்ட் பாயிண்ட் நீதிமன்றம் அபராதம் விதித்தது என்றும், அது ஊரறிந்த செய்தி என்றும் கூறினாள். எதிர்ச்சாட்சியமும் இருந்தது: பெண்ணின் தகப்பன் ஒரு துருக்கியன் என்று கீ சொன்னதாக மற்றொருவர் உரைத்தார். வரலாற்று மாணவர் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். பிளண்ட் பாயிண்ட் இருந்த வார்விக் கவுண்டியின் ஏடுகளில் பெரும்பகுதி அமெரிக்க உள்நாட்டுப் போரில் அழிந்துபோயின. அபராதம் விதித்த ஏடு போய்விட்டது; அதை நினைவில் வைத்திருந்த மூதாட்டியின் வாய்மொழி வேறொரு கவுண்டியின் ஏட்டில் பிழைத்திருக்கிறது. எழுத்தே உறுதி, வாய்மொழி ஐயத்துக்குரியது என்று வகுப்பில் கற்பிக்கும் நம்மைப் போன்றோர் இதைச் சற்றே தாழ்மையுடன் எண்ணிப்பார்க்க வேண்டும்.

1656 ஜனவரியில் ஜூரிமார் அவளை விடுதலையானவள் எனத் தீர்த்தனர். (ஏட்டில் அது 1655 என்றிருக்கும். அக்காலத்து ஆங்கிலேயருக்கு மார்ச் 25-ஆம் நாளே ஆண்டுப் பிறப்பு. 1752-இல்தான் அது மாறிற்று. இதை மறந்து, மகன் தகப்பனுக்கு முன்னே பிறந்ததாக எழுதிவைத்த வம்ச வரலாறுகளும் உண்டு.) சொத்தை நிர்வகித்தவர்கள் மேல்முறையீடு செய்ய, ஜேம்ஸ்டவுனிலிருந்த பொது நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. அந்நீதிமன்றத்தின் ஏடுகளில் பெரும்பாலானவை 1865-இல் ரிச்மண்ட் நகரம் எரிந்தபோது சாம்பலாயின. கிரின்ஸ்டெட் சோர்ந்துபோகவில்லை, சட்டமன்றத்தின்முன் வழக்கைக் கொண்டுசென்றார். அதன் குழு தந்த அறிக்கை நம் கவனத்துக்கு மிகவும் உரியது. சுதந்தரனாகிய தகப்பனுக்குப் பிறந்தவள் சுதந்தரியாயிருக்க வேண்டும் என்றும், ஒன்பது ஆண்டுகளுக்கே ஒப்படைக்கப்பட்டாள் என்றும் கூறிய அக்குழு, அவள் நெடுங்காலத்துக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றவள் என்பதையும், தன் விசுவாசத்தைக் குறித்து நன்றாய்க் கணக்குச் சொல்லத் தக்கவள் என்பதையும் சேர்த்து எழுதியது. மிகுதியாக உழைத்த காலத்துக்கு ஈடும், தானியமும் உடையும் அவளுக்குத் தரப்படவேண்டும் என்றும் கூறிற்று. வழக்கு கவுண்டிக்குத் திரும்பியது. 1656 ஜூலையில் அவள் விடுதலை பெற்றாள். கிரின்ஸ்டெட்டுடன் அவளுக்குத் திருமண அறிவிப்பும் அம்மாதத்திலேயே செய்யப்பட்டது.

ஓர் அடிமைப் பெண்ணின் மகள் வினாவிடை கற்றிருந்தாள் என்பது நீதிமன்றத்தில் எடைபோடப்பட்ட சான்றாயிற்று. யார் கற்பித்தார்? ஞானத்தகப்பன் வீட்டில் யாரோ ஒருவர் கற்பித்திருக்கவேண்டும். அதே ஞானத்தகப்பன்தான் காலம் முடியுமுன் அவளைக் கைவிட்டவரும். ஞானஸ்நான ஆராதனையில் ஞானப் பெற்றோரிடம் நாம் வினாக்களை விரைந்து படித்து முடிக்கும்போதெல்லாம் எனக்கு ஹிக்கின்சன் நினைவுக்கு வருவதுண்டு.

அடுத்து நடந்தது விரைவாக நடந்தது. 1662-இல் வர்ஜினியா சட்டமன்றம், பிள்ளை தாயின் நிலையையே பின்பற்றும் என்று சட்டமியற்றியது. ஆங்கிலேய வழக்குக்கு இது நேர்மாறு. தகப்பனைச் சுட்டிக்காட்டி விடுதலை கேட்கும் வாசல் அடைபட்டது. 1667-இல் மற்றொரு சட்டம்: ஞானஸ்நானம் ஒருவனுடைய அடிமை நிலையை மாற்றாது. இச்சட்டம் தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம் நம்மைத் திடுக்கிடச் செய்யும். எசமான்களின் ஐயம் நீங்கினால் அவர்கள் அடிமைகளின் பிள்ளைகளை ஞானஸ்நானத்துக்கு அனுமதிப்பார்கள், அதனால் கிறிஸ்தவம் பரவும் என்பதே அக்காரணம். நற்செய்தி பரவுவதற்காகவே நற்செய்தியின் ஒரு பகுதியை நீக்கிவிட்டனர். அச்சபையில் அமர்ந்திருந்தவர்கள் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குச் சென்றவர்கள்.

வம்சவழி தேடுவோருக்கு 1662-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நடைமுறை விளைவையும் தந்தது. அதன்பின் விடுதலைக்காக வழக்காடியோர் சுதந்தரியான ஒரு தாயையோ பாட்டியையோ சுட்டிக்காட்ட வேண்டியிருந்தமையால், பெண்களின் வழிமுறை நீதிமன்ற ஏடுகளில் இடம்பெறலாயிற்று. பால் ஹைனெக் என்னும் ஆராய்ச்சியாளர் இவ்வேடுகளைப் பல ஆண்டுகள் துருவி, வர்ஜினியாவின் சுதந்தரக் கறுப்பினக் குடும்பங்களில் மிகப்பல வெள்ளைக்கார ஊழியப் பெண்களின் வழிவந்தவை என்று காட்டியுள்ளார். எலிசபெத்தின் வழியும் இவ்வாறே தேடப்பட்டது. 1661-இல் கிரின்ஸ்டெட் இறந்தபின் அவள் மறுமணம் செய்துகொண்டாள். ஜான், வில்லியம் என்னும் அவளுடைய மைந்தர்களின் சந்ததி கிரிம்ஸ்டெட், கிரீன்ஸ்டெட், கிரின்ஸ்டெட் என எழுத்தர்களின் காதுக்கு எட்டியபடியெல்லாம் எழுதப்பட்டு, தலைமுறை தலைமுறையாக அவ்வேடுகளில் தொடர்கிறது. அவளுடைய தாயின் பெயர் மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை.