பல்லாவரத்துக் கல்லும் எரிமலையும்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில் ஏறினால், பல்லாவரம், திரிசூலம் நிலையங்களின் அருகே கரும்பாறைக் குன்றுகள் தெரியும். கறுத்த பாறையைப் பார்த்தவுடன் 'இது ஒரு காலத்தில் எரிமலையாக இருந்திருக்குமோ?' என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை என்பதே பதில். ஆனால் இந்தக் கல்லின் வரலாறு எரிமலையின் வரலாற்றை விடச் சுவாரசியமானது!

எரிமலைப் பாறை

பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக் குழம்பு மாக்மா எனப்படும். அது வெளியே வழிந்தால் லாவா. லாவா சீக்கிரம் ஆறிவிடுவதால் அதில் படிகங்கள் பெரிதாக வளர நேரம் இருக்காது. எனவே பசால்ட் போன்ற எரிமலைக் கற்களில் படிகங்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த லாவாதான் தக்காணத்தின் பசால்ட் பாறை. எல்லோரா குகைகள் அதில்தான் குடையப்பட்டன.

பல்லாவரத்துப் பாறை

இந்தக் கல்லை உடைத்தால் எண்ணெய் பூசியது போன்ற ஒரு மினுமினுப்பு இருக்கும். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன் படிகங்களை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பல கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் உருவான கல் இது. மேலே மூடியிருந்த பாறைகள் காலப்போக்கில் அரித்துப் போனதால் இன்று வெளியே தெரிகிறது.

பெயர் வந்த கதை

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் 1693-ல் கல்கத்தாவில் இறந்தார். அங்குள்ள செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை இருக்கிறது. சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 1893-ல், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து எழுதினார். பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையும் அதுவும் ஒரே வகை! சார்னாக்கின் நினைவாக அதற்கு 'சார்னோகைட்' என்று பெயரிட்டார். இலங்கை, நார்வே, அண்டார்டிகாவில் கிடைக்கும் இவ்வகைப் பாறைகளுக்கும் இன்று அதே பெயர்தான்.

மாக்மா ஆழத்திலேயே ஆறி இறுகியதால் உண்டான பாறை என்பது ஹாலந்தின் கருத்து. 1960-ல் சி.எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பாளதுர்காவில் வேறொரு பாறை உருகாமலே சார்னோகைட்டாக மாறியிருப்பதை விவரித்தார். ஆக, இரண்டு வழியிலும் இது உருவாகலாம்.

இன்றைய நிலை

சென்னை வளர வளர, இந்தக் குன்றுகள் ஜல்லியாகவும் அஸ்திவாரக் கல்லாகவும் போயின. மிஞ்சியவை ஆழமான குவாரிப் பள்ளங்கள். பரங்கிமலைப் பாறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. சுற்றியுள்ள குன்றுகளுக்கு அந்தப் பெருமை கிடைக்கவில்லை.

அந்தமானின் பேரன் தீவு எரிமலை 1991 முதல் பலமுறை வெடித்துப் புதிய பாறையைக் கொட்டியிருக்கிறது. பல்லாவரத்தில் அப்படி நடக்காது. இங்கே உடைத்த குன்று உடைத்ததுதான். உலகத்துக்கே பெயர் கொடுத்த கல்லில் மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றி, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.