பாட்னாவிலிருந்து போன கைகள்

போன டிசம்பரில் அம்மா கும்பகோணத்திலிருந்து பாட்னா வந்தார். இரண்டு ராத்திரி ரயில். பெட்டியை நான் வாங்கிக்கொண்ட பிறகும், படியில் ஒரு காலை வைத்துவிட்டு அடுத்த காலை எடுக்க முடியாமல் அப்படியே நின்றார். பின்னால் இருந்தவர்கள் கத்துகிறார்கள். எனக்குக் கோபம் வந்தது அவர்கள் மேலா, அம்மா மேலா, அல்லது மூன்று வருடமாக "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்று போனில் மட்டும் விசாரித்துக்கொண்டிருந்த என் மேலா என்று இன்னும் தெரியவில்லை.

எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு முட்டியிலும் தேய்மானம். டாக்டர் நல்லவர், பொறுமையாகப் பேசினார். எடையைக் குறைக்க வேண்டும், தொடைத் தசைக்குப் பயிற்சி செய்ய வேண்டும், தாங்க முடியாதபோது மட்டும் மாத்திரை, ஆபரேஷன் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார். எல்லாம் சரி. ஆனால் பாட்னாவின் ஜனவரி தெரியுமோ? பகல் பன்னிரண்டு மணி வரை பனிமூட்டம். அம்மா ரஜாய்க்குள்ளிருந்து முகத்தை மட்டும் வெளியே காட்டிக்கொண்டு "பயிற்சியாவது ஒண்ணாவது" என்பார். நானும் மனைவியும் ஒன்பது மணிக்கு ஆபீஸ் போனால் திரும்ப ஏழாகும். பையன் ஸ்கூல், டியூஷன். அதுவரை அம்மாவோடு பேச ஆளில்லை. டிவியில் தமிழ் சேனல் வரும், ஆனால் டிவி பதில் சொல்லாதே.

இந்த நிலைமையில்தான் பக்கத்து வீட்டு பாபிஜி ஒரு மாலிஷ்வாலியை அனுப்பி வைத்தார். ஐம்பது வயசு இருக்கும். இங்கே பிரசவமான பெண்ணுக்கும் பச்சைக் குழந்தைக்கும் எண்ணெய் தேய்த்து உருவி விட இவர்களைத்தான் கூப்பிடுகிறார்கள். கையில் ஒரு கிண்ணம். கடுகெண்ணெயில் பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சியது. வாசனை கூடம் முழுக்கப் பரவியதும் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது: "டேய், இது ஊறுகாய் போடற எண்ணெய்டா!"

பத்தாவது நாள் அம்மா கழிவறைக்குச் சுவரைப் பிடிக்காமல் நடந்து போனார். அதிசயம் என்று நான் சொல்லமாட்டேன் (ஏன் என்று பின்னால் வருகிறது). ஆனால் இந்தக் கைகளுக்கு ஒரு சரித்திரம் இருக்குமே என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டினால், நான் குடியிருக்கும் இந்த ஊரிலேயே வந்து முட்டியது.

முதல் ஆள் ஒரு நாடகத்தில் இருக்கிறான். சூத்ரகர் எழுதிய 'மிருச்சகடிகம்' என்ற சமஸ்கிருத நாடகம். குப்தர் காலத்தை ஒட்டியது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் ஸம்வாஹகன் என்று ஒருவன் வருகிறான். ஸம்வாஹகன் என்பது பெயரே இல்லை, தொழில். உடம்பு பிடித்து விடுகிறவன். சொந்த ஊர் பாடலிபுத்திரம், அதாவது எங்கள் பாட்னா. நல்ல குடும்பத்துப் பிள்ளை. வெளியூர் பார்க்கும் ஆசையில் கிளம்பி உஜ்ஜயினிக்கு வந்தவன், அங்கே சாருதத்தனிடம் கைகால் பிடித்து விடும் வேலைக்குச் சேர்கிறான். எஜமானன் ஏழையானதும் வேலை போய், சூதாடிக் கடன்பட்டு, கடன்காரர்கள் துரத்த வசந்தசேனையின் வீட்டுக்குள் ஓடிப் புகுகிறான். நீ கற்றது நளினமான கலையாயிற்றே என்று அவள் பாராட்ட, கலையென்றுதான் கற்றேன், இப்போது வயிற்றுப் பிழைப்பாகிவிட்டது என்ற அர்த்தத்தில் பதில் சொல்கிறான். வெளியூரில் வேலை பார்க்கும் யாரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நின்றுதான் போவார்கள். நான் நின்றேன்.

இவன் கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் ஊர் கற்பனையில்லை. ஐந்தாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வந்த சீன யாத்ரீகர் ஃபாஹியான், பாடலிபுத்திரத்தில் ஏழைகளுக்கும் முடவர்களுக்கும் இலவச வைத்தியசாலைகள் இருந்ததை எழுதி வைத்திருக்கிறார். 1951 முதல் 1955 வரை கும்ரஹாரில் நடந்த அகழாய்வில் ஒரு பௌத்த விகாரையின் சுடுமண் முத்திரை கிடைத்தது. அதில் 'ஆரோக்கிய விகாரை' என்று பொறித்திருந்தது. வைத்தியமும் பார்த்த மடம் என்று இதை வைத்துத்தான் சொல்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரம். பையனைக் கூட்டிப் போனேன். அவனுக்குப் பார்க்கில் ஐஸ்கிரீம் பிடித்திருந்தது.

வைத்திய நூல்களும் இதை மறக்கவில்லை. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் ஐந்தாவது அத்தியாயம் தினப்படி உடல் பராமரிப்பு பற்றியது. எண்ணெய் தேய்ப்பதற்கு அங்கே சொல்லும் உவமைகள் எல்லாம் அன்றாடம் புழங்கியவை: எண்ணெய் ஊறிய குடம், பதப்படுத்திய தோல், மசகு போட்ட வண்டி அச்சு. இதையெல்லாம் படிக்காமலே நம் பாட்டிமார்கள் சனிக்கிழமை நல்லெண்ணெயைக் காய்ச்சி வைத்துக்கொண்டு நம்மைத் துரத்தினார்கள்.

நிற்க. இப்போது நிஜ மனிதருக்கு வருவோம்.

1759-இல் பாட்னாவில் பிறந்தவர் தீன் முகமது. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சிப்பாய். மகனுக்குப் பத்து வயதாகும்போது இறந்துபோனார். பையன், பேக்கர் என்ற ஐரிஷ் அதிகாரியோடு ஒட்டிக்கொண்டு முகாம் முகாமாக வளர்ந்தான். பேக்கர் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது இவரும் கூடவே கப்பலேறி, 1784-இல் அயர்லாந்தின் கார்க் நகரத்துக்குப் போனார். அங்கே ஆங்கிலம் படித்து, ஜேன் டேலி என்ற ஐரிஷ் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, 1794-இல் தன் பயண அனுபவங்களைப் புத்தகமாகப் போட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் புத்தகம் அது.

பிறகு லண்டன். அங்கே இவருக்கு வேலை கொடுத்தவர் பேசில் காக்ரேன். இந்த இடத்தில் நம் சென்னையும் கதைக்குள் வருகிறது. காக்ரேன் சென்னையில் கம்பெனி உத்தியோகத்திலும், கடற்படைக்குச் சாப்பாட்டுச் சாமான் சப்ளை செய்யும் காண்ட்ராக்டிலும் பெரும் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பியவர். போர்ட்மன் சதுக்கத்தில் இருந்த தன் மாளிகையில் நீராவிக் குளியல் ஏற்பாடு செய்தார். அங்கேதான் தீன் முகமது ஆவியோடு கைவேலையையும் சேர்த்தார் என்கிறார்கள்.

நடுவில் ஒரு சறுக்கல். 1810-இல் அதே பக்கம் ஜார்ஜ் தெருவில் ஓட்டல் போட்டார். இந்தியச் சாப்பாடு, மூங்கில் நாற்காலி, ஹூக்கா. 1812-இல் திவால். அப்போது அவருக்கு 53 வயது, பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வயதில் வீட்டு வேலைக்கு ஆள் தேடுவோருக்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து வேலை கேட்டிருக்கிறார். ஈஎம்ஐ கட்டுகிறவர்களுக்கு வயிறு கலங்கும்.

1814-இல் பிரைட்டன் என்ற கடற்கரை ஊருக்கு நகர்ந்தார். அங்கே தொடங்கியதுதான் அவருடைய மூலிகை ஆவிக்குளியல். நோயாளியை ஃபிளானல் துணிக் கூடாரத்துக்குள் உட்கார வைத்து மூலிகை ஆவி பிடிக்க வைப்பார்கள். நன்றாக வியர்த்து உடம்பு இளகியதும், கூடாரத்தில் வைத்திருக்கும் ஓட்டை வழியாகக் கையை மட்டும் உள்ளே விட்டுப் பிடித்து விடுவார்கள். வந்தவர்களில் வாதம், கீல்வாயு, மூட்டுப் பிடிப்புக்காரர்களே அதிகம். குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்களைக் கட்டிடத்திலேயே மாட்டி வைத்திருந்தாராம் (நல்ல விளம்பர மூளை!). 1821-இல் கடலைப் பார்த்துப் பெரிய குளியல் மாளிகை கட்டினார். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு ராஜாக்களுக்கு 'ஷாம்பூயிங் சர்ஜன்'.

ஷாம்பூயிங் என்றதும் தலைக்கு நுரை என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியில் சாம்ப்னா என்றால் அழுத்துவது, அமுக்குவது. சாம்போ என்றால் அமுக்கு. கம்பெனிக்காரர்கள் காதில் அது ஷாம்பூவாக விழுந்து, 1762-லேயே ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. நூறு வருடம் அதற்கு உடம்பு பிடிப்பது என்றுதான் அர்த்தம். தலைமுடி அலசுவது என்ற அர்த்தம் 1860-களில்தான் வருகிறது. இந்திக்காரர்களின் சம்பியும் இதே குடும்பம்தான். 1957-இல் வந்த 'ப்யாஸா' படத்தில் ஜானி வாக்கர் எண்ணெய் பாட்டிலோடு பாடிக்கொண்டு திரிவாரே, அந்தச் சம்பி.

தீன் முகமதுவை நான் மகாத்மா ஆக்கவில்லை. தொழில் சூடுபிடித்த பிறகு, தான் 1749-இல் பிறந்ததாகவும், கல்கத்தாவில் வைத்தியம் படித்ததாகவும் எழுதிக்கொண்டார். பத்து வயதைக் கூட்டினால்தான் அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்கும்! 1794 புத்தகத்தைப் பார்த்தால் பதின்மூன்று, பதினான்கு வயதில் இவர் படைமுகாமில் திரிந்த பையன். எனக்கு இந்தப் பொய்மேல் பெரிய கோபம் வரவில்லை. கைத்தொழில்காரன் என்று சொன்னால் வேலைக்காரர்கள் நுழையும் வாசல், சர்ஜன் என்று சொன்னால் முன்வாசல். அவர் முன்வாசலைத் தேர்ந்தெடுத்தார். 1851-இல் இறந்தார். பேரன் ஃபிரெடரிக் அக்பர் முகமது நிஜமாகவே டாக்டரானார். லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு, சிறுநீரகத்தில் கோளாறு இல்லாதவர்களுக்கும் ரத்த அழுத்தம் உயரலாம் என்று 1870-களில் காட்டியவர்களில் முக்கியமானவர் இவர். 1884-இல் டைஃபாய்டு வந்து 35 வயதிலேயே போய்விட்டார். நம்மில் பாதிப்பேர் இன்று காலையில் விழுங்கும் பிபி மாத்திரைக்கும் பாட்னாவுக்கும் ஒரு நூல் ஓடுகிறது.

ஆனால் பிரைட்டனில் ராஜவைத்தியமான அதே வேலை இங்கே என்னவாக இருந்தது? இந்தப் பக்கம் நாவிதர் வீட்டு ஆணும் பெண்ணும் ஜாதிக் கடமையாகச் செய்தது. கல்யாணம் என்றால் கூப்பிடுவார்கள், பிரசவம் என்றால் கூப்பிடுவார்கள். காசு, தானியம், பழைய புடவை. நம் ஊரிலும் முடி வெட்டும் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர், பிரசவம் பார்த்த பெண் மருத்துவச்சி. பெயரில் மட்டும் மருத்துவத்தை வைத்துக்கொண்டு திண்ணைக்கு மேலே ஏறவிடாமல் வைத்திருந்தோம். என் தாத்தா வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன். சுளுக்கு வழிக்க வந்தவர் தாத்தாவின் இடுப்பைத் தொடலாம், சொம்பைத் தொடக்கூடாது.

சரி, முட்டிக்கு வருவோம். இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்கிறதா? அமெரிக்காவில் 2006-இல் முட்டித் தேய்மானம் உள்ள 68 பேரிடம் 'ஸ்வீடிஷ் மசாஜ்' கொடுத்துப் பார்த்தார்கள் (பெயரைப் பாருங்கள், ஸ்வீடிஷாம்!). எட்டு வாரத்தில் வலியும் விறைப்பும் குறைந்தன, நடமாட்டம் கூடியது. பிறகு 2018-இல் 222 பேரை வைத்துப் பெரிய ஆய்வு வந்தது. எட்டாவது வாரத்தில் மசாஜ் செய்தவர்கள் முன்னே இருந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மற்றவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. தேய்ந்த குருத்தெலும்பை எந்த எண்ணெயும் வளர்க்காது. அதனால்தான் அதிசயம் என்ற வார்த்தையை நான் மேலே எடுக்கவில்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான். வலி கொஞ்சம் இறங்கியது. இறங்கியதால் அம்மா டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்ய ஒப்புக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணுகிற பயிற்சி. அந்த மாலிஷ்வாலி முட்டிச் சில்லைத் தொடுவதே இல்லை. தொடையின் மேலிருந்து இளஞ்சூட்டு எண்ணெயோடு நீவிக்கொண்டே வந்து, முட்டியைச் சுற்றி விரலால் வட்டம் போட்டு, ஆடுசதையில் முடிப்பார். முட்டி வீங்கிச் சூடாக இருந்த ஒரு நாள் கையே வைக்க மாட்டேன் என்றுவிட்டார். டாக்டரும் அதையேதான் சொன்னார். ஒரு கால் மட்டும் ஆடுசதையில் திடீரென்று வீங்கி வலித்தால், ரத்தக்கட்டாக இருக்கலாம், அமுக்கவே கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

இன்னொன்றும் நடந்தது. அந்த நாற்பது நிமிடம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர் மகஹியில், அம்மா கும்பகோணத்துத் தமிழில். மருமகள், பேரன், அரிசி விலை, செத்துப்போன புருஷன். எப்படிப் புரிகிறது என்று கேட்டால் அம்மாவுக்கு என்மேல்தான் சிரிப்பு. இங்கே காலுக்கு 'கோட்' என்பார்கள். என் பன்னிரண்டு வருட பீகார் வாசத்தில் எனக்குத் தெரியாத அந்த வார்த்தையை அம்மாதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ராத்திரித் தூக்கம் திரும்பியது எண்ணெயாலா இந்தப் பேச்சாலா என்று எந்த ஆய்வில் பிரித்துப் பார்ப்பார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், கிண்ணம் கீழே இருக்கிறது, அந்தம்மாவின் வலது கை அம்மாவின் மடியில் இருக்கிறது. முப்பது வருடம் ஊரார் உடம்பை அமுக்கிக் கட்டைவிரலின் அடிமூட்டு புடைத்துவிட்டதாம். காலையில் டம்ளர் பிடிக்கக்கூட வலிக்குமாம். எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அம்மா ஊரிலிருந்து கொண்டு வந்த தைலத்தைத் தடவி மெதுவாக நீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "உப்பை வறுத்து ஒரு துணியில கட்டிக்கொண்டு வா, ஒத்தடம் கொடுக்கணும்" என்றார். அடுப்படிக்குப் போனேன். சம்பளத்தை ஏற்றியது அதற்கப்புறம்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

இப்போது அவர் மகள் பிரசவத்துக்காகக் கிராமத்துக்குப் போயிருக்கிறார். ஒரு மாதமாகும். போவதற்கு முன் என் கையைப் பிடித்து, எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று அம்மாவின் காலிலேயே வைத்துக் காட்டிவிட்டுப் போனார். தினம் ஏழரை மணிக்குக் கடுகெண்ணெயைச் சூடு பண்ணி உட்காருகிறேன். நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக அம்மாவின் காலைப் பிடித்து விடுகிறேன். "அவ கை மாதிரி வரலைடா" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அந்தக் காலையும் பாரு" என்கிறார்.