மகரக்கட்டு உடைந்த பிறகு: பி.யு. சின்னப்பாவின் மேடையும் திரையும்

அறந்தாங்கியையும் புதுக்கோட்டையையும் ஒரே மாவட்டமாகப் பார்த்துப் பழகியவர்களுக்கு, பாடி நடித்துப் புகழ்பெற்ற பி.யு. சின்னப்பாவின் காலத்து எல்லைகள் வியப்பாக இருக்கும். அவர் பிறந்த 1916-இல் புதுக்கோட்டை தொண்டைமான்களின் தனிச் சமஸ்தானம். அறந்தாங்கியோ ஆங்கிலேயரின் தஞ்சாவூர் மாவட்டம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அறந்தாங்கி புதுக்கோட்டையோடு சேர 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பி.யு. என்பது புதுக்கோட்டை உலகநாதன். தந்தை உலகநாத பிள்ளை நாடக நடிகர். மகனும் சிறுவயதிலேயே மேடையேறி, மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார். எம்.ஜி.ஆரும் அங்கே பயின்றவர்தான். இருவருக்கும் வாத்தியார் காளி என். ரத்தினம். பாய்ஸ் கம்பெனிப் பையனுக்குக் குரல்தான் முதல். விடலைப் பருவத்தில் மகரக்கட்டு உடைந்து குரல் மாறினால் அதோடு பிழைப்பும் ஆட்டம் காணும். சின்னப்பாவுக்கும் அது நேர்ந்தது. ஊர் திரும்பியவர் சங்கீதம் கற்றார், சிலம்பமும் பழகினார். பிற்காலத்தில் அவரைத் தனித்து நிறுத்தியவை இந்த இரண்டும்தான் என்பது என் துணிபு. கூடவே நடித்துக்கொண்டிருந்தவர்களில் பாடத் தெரிந்தவர்கள் பலர். பாட்டும் கம்பும் ஒருசேரக் கைவந்தவர்கள் சிலரே.

1936-இல் ‘சந்திரகாந்தா’ அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. அடுத்து வந்த படங்கள் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. வாய்ப்புகள் வற்றியபோது அவர் மௌன விரதம் இருந்ததாகச் சொல்வார்கள். பாடகர் தேர்ந்தெடுத்த விரதத்தைப் பாருங்கள்!

மீட்டது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். 1940-இல் டி.ஆர். சுந்தரம் இயக்கிய ‘உத்தம புத்திரன்’ படத்தில் அவருக்கு இரட்டை வேடம். இன்று அது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை. அந்நாள் முறையோ வேறு: காமிராவில் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை எடுக்க வேண்டும். எதிரே இல்லாத தன்னோடு நடிகர் பேச வேண்டும். பார்வை ஒரு விரற்கடை தவறினாலும் குட்டு உடைந்துவிடும். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்று எதைக் கொடுத்தாலும் மறுநாளே மேடையேறிய கம்பெனிப் பயிற்சி இங்கே கைகொடுத்திருக்க வேண்டும்.

‘ஆர்யமாலா’ (1941), இளங்கோவன் வசனத்தில் ‘கண்ணகி’ (1942) என்று வெற்றிகள் தொடர்ந்தன. ஆனால் என் வாதத்துக்கு முக்கியமானது 1944-இல் பட்சிராஜா நிறுவனத்துக்காக ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த ‘ஜகதலப்பிரதாபன்’. அதில் ஒரு கச்சேரிக் காட்சி. பாடுபவரும் சின்னப்பா, பக்கவாத்தியக்காரர்களும் சின்னப்பாவே. ஒரே சட்டத்துக்குள் ஐந்து பேர். தந்திரக் காட்சி என்று இதைத் தள்ளிவிட முடியாது. தாளமும் லயமும் உடம்பில் ஊறியிராதவர் வாத்தியத்தோடு உட்கார்ந்தால் கை காட்டிக்கொடுத்துவிடும். 1949-இல் ‘மங்கையர்க்கரசி’ படத்தில் அவருக்கு மூன்று வேடங்கள்.

இதற்கிடையே குரல் தனியாகப் பயணம் செய்தது. 1938-இலேயே ‘நந்தகுமார்’ வழியாகத் தமிழில் பின்னணிக் குரல் வந்துவிட்டபோதும் சின்னப்பா தம் பாட்டைத் தாமே பாடினார். 1939-இல் திருச்சியில் வானொலி நிலையம் வந்தது. அன்று ரேடியோப் பெட்டி வசதியுள்ளவர் வீட்டுப் பொருள். இசைத்தட்டு அப்படியல்ல, ஒரு கிராமபோன் இருந்தால் தெருவே கேட்கும். சமஸ்தான எல்லையையும் தாண்டி, இன்னொரு பாடும் நடிகரான எம்.கே. தியாகராஜ பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று ரசிகர்கள் பிரிந்து நின்றதற்குப் படத்தோடு தட்டுக்கும் பங்குண்டு.

1951 செப்டம்பர் 23 அன்று புதுக்கோட்டையில் அவர் காலமானார். வயது 35. அவர் நடித்த ‘சுதர்சன்’ திரைக்கு வந்தபோது அவர் இல்லை.