வில்லனின் தோற்றக்கதையும் தாராவியின் வரலாறும்

1992இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய பேட்மேன் அசைவூட்டத் தொடர், பழைய வில்லன் ஒருவனுக்குப் புதிய கடந்தகாலத்தை வழங்கியது. 1959இல் சித்திரக்கதையில் மிஸ்டர் ஜீரோ என்று அறிமுகமாகிப் பின்னர் மிஸ்டர் ஃப்ரீஸ் எனப் பெயர் மாறிய அவன், அதுவரை உறைபனித் துப்பாக்கி ஏந்திய கொள்ளையன் மட்டுமே. பால் டினி எழுதி புரூஸ் டிம் இயக்கிய 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' அத்தியாயம் அவனை, நோயுற்ற மனைவியை உறைநிலையில் வைத்துக் காக்க முயலும் அறிவியலாளனாக்கியது. அவனுடைய ஆய்வை முதலாளி தடுத்து நிறுத்துகிறான். அங்கிருந்து வில்லன் பிறக்கிறான். டினிக்கு எம்மி விருது பெற்றுத்தந்த இந்த அத்தியாயம் ஓர் இலக்கணத்தை நிலைநிறுத்தியது: தீமையின் காரணம் ஒரு காயம், காயத்தின் காரணம் ஒரு மனிதன்.

தமிழ்த் திரைப்படம் இதே இலக்கணத்தை ஐந்தாண்டுகளுக்கு முன்பே பம்பாய்த் தமிழர் வாழ்வின்மீது பொருத்திப் பார்த்திருந்தது. 1987 அக்டோபரில் வெளியான மணிரத்னத்தின் 'நாயகன்', வரதராஜ முதலியாரின் வாழ்விலிருந்து உந்துதல் பெற்ற படம். அதில் தொழிற்சங்கத் தலைவரான தந்தையைக் காவல்துறை சுட்டுக்கொல்ல, சிறுவன் வேலு ஒரு காவலரைக் குத்திக் கொன்றுவிட்டுப் பம்பாய்க்கு ஓடுகிறான். தாராவி அவனை வளர்க்கிறது. இறுதியில், அவனால் கொல்லப்பட்ட காவல் அதிகாரியின் மகனே அவனைச் சுடுகிறான். கணக்கு நேராகிறது.

வரலாற்றில் கணக்கு இவ்வாறு நேராவதில்லை. வரதராஜன் விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் சுமைதூக்கியாகப் பிழைப்பைத் தொடங்கியவர்; கள்ளச்சாராயத்தாலும் கடத்தலாலும் செல்வாக்குப் பெற்றவர்; மாட்டுங்கா நிலையத்தருகே விநாயகர் பந்தல் அமைத்துக் கூட்டம் திரட்டியவர். 1980களில் காவல்துறையின் நெருக்கடி முற்றவே சென்னைக்குப் பெயர்ந்து, படம் வெளியான சில மாதங்களில், 1988 ஜனவரியில் அங்கேயே இறந்தார். எந்தக் குண்டும் அவரைத் துளைக்கவில்லை.

அவருடைய எழுச்சிக்குக் காரணம் தேடுவோர் ஒரு கொலையைவிட ஒரு சட்டத்தைப் படிப்பது பயன் தரும். 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் குடிப்பழக்கத்தை ஒழிக்கவில்லை. அதன் வணிகத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளியது. மாகிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவியின் சதுப்பு நிலம் காய்ச்சும் அடுப்புகளை மறைத்துக்கொள்ள வசதியாயிற்று. ஆலையும் துறைமுகமும் வாங்குவோரைத் தந்தன. மாமூல் பாதுகாப்புத் தந்தது. நகராட்சியின் குடிநீரும் நில உரிமையும் எட்டாத குடிசைகளில், குடும்ப அட்டை வாங்கித்தரவும் வழக்குத் தீர்க்கவும் வல்ல 'அண்ணன்' ஒருவர் தேவைப்பட்டார். அந்த இடம் காலியாக இருந்தது. வரதராஜன் அதை நிரப்பினார். அவர் இல்லாவிடில் மற்றொருவர் நிரப்பியிருப்பார். இதனால் அவர் குற்றமற்றவர் ஆகிவிடுவதில்லை. அந்தச் சாராயத்தால் உடல் அழிந்தவர்களும் அவருடைய ஆட்களுக்கு அஞ்சியவர்களும் பெரும்பாலும் அதே குடிசைகளின் மக்களே.

இதே காலத்தில் வேறொரு வில்லனும் உருவாக்கப்பட்டான். 1966இல் தோன்றிய சிவசேனா, மராத்தியரின் வேலைகளைப் பறிப்பவர்கள் என்று தென்னிந்தியரைச் சுட்டியது. அச்சுட்டுவிரல் முதலில் நீண்டது மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளில் வாழ்ந்த எழுத்தர்களையும் தட்டச்சர்களையும் உணவகத்தாரையும் நோக்கி. தாராவித் தமிழரோ வேறு வரலாறு உடையவர்கள்: திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த இசுலாமியரும் ஆதிதிராவிடரும் அவர்களுள் முக்கியமானோர். சாதியாலும் வர்க்கத்தாலும் விலகிநின்ற இவ்விரு தமிழுலகங்களையும் 'மதராசி' என்ற ஒற்றைச் சொல் ஒன்றாக்கியது. ஒருவரின் தோற்றக்கதை ஒரு சமூகத்தின் முகமாகப் பரவ, அந்தச் சொல் ஏற்கெனவே பாதை போட்டிருந்தது.

தோற்றக்கதை பார்வையாளரிடம் இரக்கத்தைக் கோருகிறது. அது அதன் வலிமை. அந்த இரக்கத்தை ஒரே ஆளின்மீது குவித்துவிடுவது அதன் குறை. வேலுவுக்காகக் கண்ணீர் விட்டவர்கள் மதுவிலக்குச் சட்டத்தைப் பற்றியோ தாராவியின் குடிநீரைப் பற்றியோ கேட்க வேண்டிய அவசியம் எழவில்லை. 2018இல் பா. இரஞ்சித்தின் 'காலா' இந்த இலக்கணத்தைத் திருப்பிப் போட்டது: அங்கு மோதலின் வேர் தந்தையின் கொலையில் இல்லை, நிலத்தில் இருக்கிறது, நிலத்தைத் தூய்மையாக்க வருபவனே வில்லன்.

இன்று அந்த நிலத்தில் மறுசீரமைப்புத் திட்டம் நடக்கிறது. 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததை ஆவணங்களால் நிறுவுவோருக்கே தாராவிக்குள் இலவச வீடு என்பது அதன் முதன்மை விதிகளுள் ஒன்று. மூன்று, நான்கு தலைமுறைகளாக அங்கு உழைத்த குடும்பங்கள் தம் தோற்றக்கதையை மின்கட்டண ரசீதுகளிலும் வாக்காளர் பட்டியல்களிலும் தேடிக்கொண்டிருக்கின்றன. வரதராஜனின் கதை மட்டும் எழுதப்பட்ட ஊரில், மற்றவர்கள் எப்போது வந்தார்கள் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை. அதற்கான விலையை இப்போது கொடுப்பவர்கள் அவர்களே.