கடல் கடந்த கரும்பலகை

வாளேந்திக் கடல் கடந்தவர்களின் வரலாற்றை ஏடுகள் விரிவாகவே தீட்டி வைத்துள்ளன. தராசேந்திச் சென்ற வணிகருக்கும், திருமறை ஏந்திச் சென்ற பாதிரிமாருக்கும் அந்த ஏடுகளிலே இடமுண்டு. ஆனால், சுண்ணக்கட்டி ஏந்திச் சென்று, ஊதியம் கருதாமல், அயல்நாட்டுப் பள்ளியிலே ஈராண்டு தங்கிப் பாடம் சொன்ன இளைஞர்களின் வரலாறு? அதைப் பேசுவோர் பெரும்பாலும் இரு சாரார். ஒரு சாரார் தியாகச் செம்மல்கள் என்று மாலை சூட்டுவர். மற்றொரு சாரார் ஆதிக்கத்தின் கையாட்கள் என்று வசை பொழிவர். மாலையும் வேண்டாம், வசையும் வேண்டாம். நடந்தது என்ன என்று பார்ப்போம். கரும்பலகையின் முன் அன்றாடம் நிற்கும் நமக்கு, இந்த வழக்கிலே தனிப்பட்ட அக்கறையும் உண்டு.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலே கேப் கோஸ்ட் என்றோர் ஊர். அங்கே கடலோரமாக ஒரு கோட்டை. கோட்டையின் அடியிலே நிலவறை. நிலவறையிலே, கப்பலுக்காகக் காத்துக்கிடந்த கறுப்பின அடிமைகள். அதே கோட்டைக்குள் ஒரு சிறு பள்ளியும் நடந்தது! 1766 முதல் அங்கே பாடம் சொன்னவர் பிலிப் குவாக்கு. அவ்வூரிலே பிறந்து, இங்கிலாந்திலே படித்து, பாதிரியாராகத் திரும்பியவர். மேலே எழுத்தொலி, கீழே விலங்கொலி! வெள்ளையன் தந்த கல்வி எப்படிப்பட்ட கட்டடத்தில் குடியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

தங்கக் கரை என்று ஆங்கிலேயர் பெயரிட்டு ஆண்ட அந்த நாடு, 1957 மார்ச் 6-ஆம் நாள் விடுதலை பெற்று, கானா ஆயிற்று. அதன் தலைவர் குவாமி நுக்ரூமா ஒரு பள்ளி ஆசிரியர். அக்ராவை அடுத்த அச்சிமோட்டாவிலே ஆசிரியப் பயிற்சி பெற்று, எல்மினாவிலும் ஆக்சிமிலும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, 1935-இல் மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவர். ஆட்சிப் பொறுப்பு கைக்கு வந்த 1951-லேயே அவருடைய கட்சி கல்வித் திட்டமொன்றைத் தீட்டியது. அடுத்த ஆண்டே தொடக்கப் பள்ளியில் கட்டணம் ஒழிந்தது. சில ஆண்டுகளிலேயே பிள்ளைகளின் தொகை இருமடங்கையும் தாண்டிற்று. 1961-இல் வந்த சட்டம் தொடக்கக் கல்வியைக் கட்டாயக் கல்வியாக்கிற்று. கதவு திறந்தது; பிள்ளைகள் வந்தனர்; ஆசிரியர்தாம் போதவில்லை! உயர்நிலைப் பள்ளிகளிலே கணக்கும் அறிவியலும் கற்பிக்கப் பட்டதாரிகள் இல்லை. எப்படி இருப்பார்கள்? ஆண்டவன் அடிமைக்கு எழுத்தர் வேலைக்கு வேண்டிய அளவு படிப்பைத்தானே அளந்து தந்தான்!

இந்தப் பற்றாக்குறையின் பின்னணியிலேதான் அமெரிக்க இளைஞர்கள் வருகிறார்கள். 1960 அக்டோபர் 14, பின்னிரவு. மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே தேர்தல் பயணமாக வந்த கென்னடி, திரண்டிருந்த மாணவர்களிடம், கானா போன்ற நாட்டிலே உழைக்க உங்களில் எத்தனை பேர் அணியமாக இருக்கிறீர்கள் என்று கேட்டார். 1961 மார்ச் முதல் நாள், குடியரசுத் தலைவராக அவர் இட்ட ஆணையால் பீஸ் கோர் என்னும் தொண்டர் அமைப்பு பிறந்தது. ஈராண்டுப் பணி, தங்கியிருக்கும் ஊரில் உண்டு உடுக்கச் சிறு தொகை, நாடு திரும்பும்போது, பணியாற்றிய திங்கள் ஒவ்வொன்றுக்கும் 75 டாலர். இதிலே வல்லரசுப் போட்டியின் வாடை இல்லையா என்று கேட்டால், உண்டு. சோவியத்து நாட்டோடு நடந்த பனிப்போரிலே புது நாடுகளின் நெஞ்சைக் கவரும் எண்ணம் அன்றைய அமெரிக்க அரசுக்கு இருந்தது. நுக்ரூமாவும் அதை அறியாதவரல்லர். அறிந்தும் அழைத்தார். ஏனெனில், வகுப்பறை காத்துக்கிடந்தது.

1961 ஆகஸ்டு 30. ஐம்பது பேருக்குச் சற்று மேற்பட்ட இளைஞரும் இளம் பெண்டிரும் அக்ரா விமான நிலையத்திலே இறங்கினர். இறங்கியதும் அந்நாட்டு ட்வி மொழியிலே ஒரு பாட்டுப் பாடினர்! ஆண்டவர் எவரும் அந்த மண்ணில் இறங்கும்போது அதன் மொழியிலே பாடியதில்லை. கேட்டவர் உள்ளம் குளிர்ந்ததில் வியப்பென்ன?

பாட்டு முடிந்தது, பாடம் தொடங்கிற்று. முதலில் பாடம் கேட்டவர் ஆசிரியரே! இடக்கையால் ஒரு புத்தகத்தை நீட்டுவது அங்கே அவமதிப்பு. நமக்கு இது புதிதன்று. அமெரிக்க இளைஞனுக்கு முற்றிலும் புதிது. பட்டம் பெற்றவன், கை நீட்டும் முறையைத் தன் மாணவனிடம் கற்கவேண்டியிருந்தது. டிசம்பர் வந்தால் சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்னும் வறள்காற்று வீசும். புழுதி வானை மூடும், உதடு வெடிக்கும். இடித்துப் பிசைந்த மரவள்ளியையும் வாழையையும் குழம்பிலே தோய்த்து உண்ணவேண்டும். தெருவில் நடந்தால், பிள்ளைகள் 'ஒப்ரோனி' — அயலான் — என்று கூவிக்கொண்டு பின்தொடர்வர். ஆனால் அதே ஊர், பழகிய பிறகு, பிறந்த கிழமையைக் கேட்டு ஒரு பெயரும் இடும்: வெள்ளிக்கிழமை பிறந்தவன் கோஃபி, சனிக்கிழமை பிறந்தவன் குவாமி. அயலான் என்ற அழைப்பிலிருந்து குவாமி என்ற அழைப்புக்குச் செல்லும் தொலைவு இருக்கிறதே, அது கடல் கடந்த தொலைவினும் பெரிது. கப்பலோ விமானமோ அந்தத் தொலைவைக் கடத்தி விடாது. அடக்கம் ஒன்றே கடத்தும்.

அந்த அடக்கம் தவறினால் என்ன ஆகும்? 1961 அக்டோபரிலேயே விடை கிடைத்தது. கானாவுக்குக் கிழக்கே, நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பயிற்சிக்கு வந்திருந்த தொண்டர் ஒருவர், அவ்வூர் மக்களின் வாழ்நிலையை இழித்துரைக்கும் சொற்களை ஓர் அஞ்சலட்டையிலே எழுதினார். அட்டை அஞ்சலிலே சேருமுன் நைஜீரிய மாணவர் கையிலே சிக்கிற்று. படி எடுத்துப் பரப்பினர், கல்லூரி கொதித்தது, எழுதியவர் நாடு திரும்பினார். ஓர் அஞ்சலட்டைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. வறுமை அங்கே இருந்தது உண்மையே. ஆனால், நம் வீட்டு ஓட்டைக் கூரையை நாம் அறிவோம். விருந்துக்கு வந்தவர் அதைத் தம் வீட்டார்க்கு வேடிக்கையாக எழுதினால் பொறுப்போமா? கற்பிக்க வந்தவரின் கண்ணிலே நாம் யார் என்ற கேள்வியைத்தான் அந்த மாணவர்கள் கேட்டார்கள். தன்மானம் உள்ளவர் கேட்டே தீரவேண்டிய கேள்வி அது.

வந்தவர்களின் சொந்த நாடு எந்த நிலையில் இருந்தது என்பதையும் மறக்கலாகாது. கானா விடுதலை பெற்ற அதே 1957-இல், லிட்டில் ராக் நகரப் பள்ளியிலே ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையப் படைவீரர் காவல் வேண்டியிருந்தது. அந்த அக்டோபரிலேயே, கானாவின் நிதியமைச்சர் கெபெதெமாவுக்கு, டெலவேர் மாநில உணவு விடுதி ஒன்றிலே, தோல் கறுப்பென்று இடம் மறுத்தார்கள். குடியரசுத் தலைவர் ஐசனோவர் அவரை அழைத்துக் காலை உணவளித்து, பட்ட வடுவை ஆற்ற முயன்றார். இப்படிப்பட்ட நாட்டிலிருந்து வந்த ஆசிரியன், கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லும்போது, மனத்திற்குள் தன் நாட்டின் கணக்கையும் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா? அப்படிப் பார்த்தவனுக்கு, அயல்நாட்டு வாழ்வு ஒரு கண்ணாடி.

1968 ஏப்ரலிலே, மெக்சிக்கோ நாட்டுக் குவர்னவாக்காவில், இவான் இல்லிச் என்னும் சிந்தனையாளர், அமெரிக்கத் தொண்டர்களிடம் நேருக்கு நேராகவே சொன்னார்: பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்ற பொருள்பட. கடுமையான பேச்சு, கருத்திலே பெரும் பகுதி உண்மை. கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே என்ற நிலை எங்கே இருக்கிறதோ, அங்கே கல்வியும் பிச்சையாகிவிடுகிறது. ஆயினும் இல்லிச்சின் தீர்ப்பை அப்படியே கானாவுக்குப் பொருத்த நாம் துணியோம். அங்கே, கதவைத் தட்டி நுழைந்தவர்கள் அல்லர் அவர்கள். வீட்டுக்காரர் அழைத்து வந்தவர்கள். அழைத்தவர், அவர்களை நம்பியே நாட்டை விட்டுவிடவும் இல்லை.

இதுதான் நம் கருத்தின் உயிர்நிலை. தொண்டர்கள் வந்து இறங்கிய மறு ஆண்டே, 1962-இல், அதே கேப் கோஸ்ட் ஊரிலே கானா அரசு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியைத் தொடங்கிற்று. எதற்கு? உயர்நிலைப் பள்ளிகளுக்கு வேண்டிய பட்டதாரி ஆசிரியர்களை உருவாக்குவதற்கு! நிலவறையிலே அடிமைகள் கிடந்த ஊர், ஆசிரியர்களின் விளைநிலம் ஆயிற்று. 1966 பிப்ரவரியில் நுக்ரூமாவின் ஆட்சி கவிழ்ந்தது. அந்தக் கல்லூரி கவிழவில்லை. 1973-இல், பட்டம் பெறும் கானா இளைஞர் நாட்டுக்குப் பணியாற்றவேண்டும் என்ற தேசியப் பணித் திட்டம் வந்தது. சிற்றூர்ப் பள்ளியின் கரும்பலகை முன்னே கானாவின் மகனும் மகளுமே நிற்கலானார்கள்.

ஆகவே, அயல்நாட்டிலே கற்பிக்கச் செல்லும் தொண்டனை எந்த அளவுகோலால் அளப்பது? எத்தனை பாடம் சொன்னான் என்பதாலன்று. எத்தனை இன்னல் பட்டான் என்பதாலுமன்று. அவன் விட்டுச் சென்ற நாற்காலியிலே அந்த ஊர்ப் பிள்ளை அமர்ந்தானா? இதுவே அளவுகோல். நாற்காலி மீண்டும் மீண்டும் அயலானுக்கே காத்திருந்தால், அங்கே நடந்தது கல்வியன்று, கைதாங்கல். அந்தக் கையை எடுத்ததும் விழுவான் மனிதன்.

இளைஞர்காள்! கடல் கடந்து கற்பிக்கும் வாய்ப்பு உங்களுக்கு வருமாயின், செல்லுங்கள். ஆனால், புறப்படுமுன் மூன்று கேள்விகளை உங்களையே கேளுங்கள்: அழைத்தவர் யார்? அவர் மொழியில் எத்தனை சொல் எனக்குத் தெரியும்? எனக்குப்பின் அங்கே நிற்கப்போகும் ஆசிரியரை உருவாக்க நான் என்ன செய்யப்போகிறேன்? இந்த மூன்றுக்கும் விடையுள்ளவர் எந்த நாட்டுக்கும் போகலாம். அந்த நாடு அவருக்கு ஒரு பெயரிட்டு அழைக்கும்.