நாற்பத்தேழாவது குரோமோசோம்

மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன என்பது 1956-இல்தான் உறுதியானது. அதே ஆண்டு, செல் வளர்ப்பைக் கற்றுக்கொண்டு அமெரிக்காவிலிருந்து பாரீஸ் திரும்பினார் மார்த் கோத்தியே என்ற குழந்தை மருத்துவர். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் செல்களை வளர்த்துப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டார். ஆய்வகத்துக்கு நிதி இல்லை. கடன் வாங்கிக் கண்ணாடிக் கருவிகள் வாங்கியதையும், சீரத்துக்குத் தன் ரத்தத்தையே எடுத்ததையும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

1958-இல் அவர் எண்ணிக்கை 47-ஐத் தொட்டது. படமெடுக்கும் நுண்ணோக்கி அவரிடம் இல்லை. சக ஆய்வாளர் ஜெரோம் லெஜூன் படமெடுக்கவென்று சிலைடுகளை வாங்கிப்போனார். 1959 ஜனவரியில் கட்டுரை வெளிவந்தபோது லெஜூன் பெயர் முதலில், கோத்தியே பெயர் இரண்டாவதாக இருந்தது. புகழ் முழுக்க லெஜூனுக்குப் போனது. தொடக்கக் கட்டத்தில் அவர் பங்கு முதன்மையானதாக இருந்திருக்க வாய்ப்பில்லை என்று பிரான்சின் மருத்துவ ஆய்வு நிறுவனத்தின் அறக்குழு சொல்ல 2014 வரை ஆனது. 2022-இல், 96 வயதில், கோத்தியே இறந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் வேலைக்குப் போகும் பெண்களோடு பேருந்தில் போய்வருகிறவள் நான். இப்படியொரு குழந்தை பிறந்த வீட்டில் முதல் கேள்வி தாயிடம்தான் வரும்: "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா? பப்பாளி தின்னியா?" கண்டுபிடித்த பெருமை ஆணுக்கு, பெற்ற பழி பெண்ணுக்கு.

உண்மையில் நடப்பது வேறு. பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21-ஆம் குரோமோசோம் ஜோடி பிரியாமல் நின்றுவிடுகிறது. அந்தச் செல்பிரிவு, தாய் தன் தாயின் வயிற்றில் கருவாக இருந்தபோதே தொடங்கி, பாதியில் நின்று, பல்லாண்டு கழித்துத் தொடர்வது. வயது ஏற ஏறப் பிழைக்கு வாய்ப்பு கூடும். ஆனால் இளம்வயதுத் தாய்களுக்கும் நேர்கிறது. சில குழந்தைகளுக்கு அது தந்தையின் விந்தணுவிலிருந்தும் வருகிறது. கூடுதலாக வந்த ஒரு குரோமோசோமின் மரபணுக்கள், கருவில் மூளைச் செல்கள் பெருகும் வேகத்தையே மாற்றிவிடுகின்றன. பப்பாளிக்கும் கிரகணத்துக்கும் இதில் வேலையில்லை.

கருமுட்டை என்றதும் 'அப்போ அவதானே காரணம்' என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நிகழ்ந்த இடம் வேறு, குற்றம் வேறு. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. மாவட்ட அளவில் தொடக்கநிலைப் பயிற்சிக்கென மையங்களும் திட்டத்தில் உண்டு. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே போக, ஒருநாள் கூலியை இழப்பது யார்? செல்லில் நேர்ந்த பிழைக்கு யாரும் பொறுப்பில்லை. வளர்ப்புக்கு மட்டும் ஒருத்தியே பொறுப்பு என்பதை எந்த அறிவியலும் சொல்லவில்லை.